மோட்டார் சைக்கிள் எரிபொருள் டியூனிங் பெட்டிகள்: எந்த அளவுக்கு நம்பலாம்?

எஃப்.ஐ. (எரிபொருள் உட்செலுத்தல்) மோட்டார் சைக்கிளின் இன்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று ஆலையில் வகுத்த கணக்கை மாற்றுவதற்காக, வண்டி வாங்கிய பிறகு தனியாகப் பொருத்தப்படும் மின்னணுக் கருவி எரிபொருள் டியூனிங் பெட்டி. வண்டியின் கணினியான ஈ.சி.யு.வுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே இது இணைக்கப்படுகிறது. கடைகளிலும் ஒர்க்‌ஷாப்புகளிலும் 'பிக்கிபேக்', 'ஃபியூல் மாட்யூல்', 'டியூனிங் பாக்ஸ்' என்ற பெயர்கள் வழங்குகின்றன. ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சரோ புதிய ஏர் ஃபில்டரோ மாற்றியவர்கள்தான் இதை அதிகம் தேடுகிறார்கள். நல்ல பிக்கப், குறைந்த இன்ஜின் சூடு, குறைந்த வேகத்தில் திணறாத ஓட்டம் ஆகியவை அவர்களுடைய எதிர்பார்ப்பு.

இந்தக் கருவி நம்பத்தக்கதா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று, அதை வண்டியோடு சேர்க்கும் ஒயரிங், அதில் எழுதப்பட்ட மேப் எனும் திருத்த அட்டவணை ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும். பெட்டி எரிந்துபோனதாக வரும் புகாரைவிட, ஒயரிங்கும் பொருந்தாத மேப்பும் தரும் தொல்லையே மெக்கானிக்குகள் வழக்கமாகச் சந்திப்பது.

தோற்றம்

கார்புரேட்டர் காலத்தில் இந்த வேலையை மெயின் ஜெட் என்ற ஒரு பித்தளைத் துண்டு செய்தது. சைலன்சரை மாற்றினால் மெயின் ஜெட்டையும் ஓரிரு எண் பெரிதாக்குவார்கள். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம், இளங்காப்பி நிறமென்றால் சரி. அமெரிக்காவில் மார்க் டோபெக் தொடங்கிய டைனோஜெட் நிறுவனம் முதலில் பெயர் வாங்கியதும் இப்படிப்பட்ட ஜெட் கிட்டுகளை விற்றுத்தான்.

1980இல் வந்த கவாசாகி இசட்1000 எச்1, எரிபொருள் உட்செலுத்தலோடு பெருமளவில் தயாரான முதல் மோட்டார் சைக்கிள். இந்த முறை மற்ற வண்டிகளுக்கும் பரவியபோது ஜெட் மாற்றும் வேலைக்கு இடமில்லாமல் போனது. கணக்கு முழுவதும் ஈ.சி.யு.வுக்குள் பூட்டப்பட்டுவிட்டது. அந்தப் பூட்டைத் திறக்காமலேயே வெளியிலிருந்து கணக்கைத் திருத்தும் கருவியாக 1990களின் பிற்பகுதியில் டைனோஜெட் கொண்டுவந்ததே பவர் கமாண்டர். இன்று சந்தையிலுள்ள பெரும்பாலான பிக்கிபேக் பெட்டிகள் அதே வழியில் வந்தவை.

இந்தியாவுக்கு எஃப்.ஐ. நிதானமாக வந்தது. 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ., 2007இல் பஜாஜ் பல்சர் 220, 2008இல் யமஹா ஆர்15, 2009இல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 என்று சில மாடல்களில் மட்டும் இருந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.6 புகை விதி நடைமுறைக்கு வந்ததும், அன்றாடம் அலுவலகம் போகும் சாதாரண வண்டிகளில்கூடக் கார்புரேட்டர் மறைந்தது. டியூனிங் பெட்டிக்கான உள்நாட்டுச் சந்தையும் விரிந்தது. பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் ஃபியூயல்எக்ஸ், பவர்ட்ரானிக் ஆகியவை இந்திய வண்டிகளுக்கென்றே உருவானவை.

இயங்கும் விதம்

இன்ஜெக்டர் ஒரு மின்வால்வு. பம்பிலிருந்து ஏறத்தாழ நிலையான அழுத்தத்தில் பெட்ரோல் வருவதால், வால்வு எத்தனை மில்லி விநாடி திறந்திருக்கிறதோ அந்த அளவுக்குப் பெட்ரோல் உள்ளே போகும். 6000 ஆர்.பி.எம்.மில் இன்ஜின் விநாடிக்கு 100 முறை சுழல்கிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு முழு வட்டத்துக்கு இரண்டு சுழற்சி வேண்டும். அதற்கு ஆகும் நேரம் 20 மில்லி விநாடி. உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, வெளியேற்றுவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பெட்ரோலை அளந்து விடும் வேலையும் அந்த நேரத்துக்குள்தான்.

பிக்கிபேக் பெட்டி செய்வது எளிது. ஈ.சி.யு. இன்ஜெக்டருக்கு அனுப்பும் துடிப்பை வழியில் வாங்கி, அதைச் சற்று நீட்டியோ குறைத்தோ மேலே அனுப்புகிறது. எந்த ஆர்.பி.எம்.மில், ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது, எத்தனை சதவீதம் கூட்டுவது குறைப்பது என்பதற்கான அட்டவணைதான் மேப்.

எளிமையான பெட்டிகளின் குறைபாடும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மின்சாரம் வந்த கணமே வால்வு திறந்துவிடாது. திறக்கவே ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி பிடிக்கும். ஐட்லிங்கில் மொத்தத் துடிப்பு 2 மில்லி விநாடி என்றால், பெட்ரோல் உண்மையில் பாயும் நேரம் 1 மில்லி விநாடிதான். மொத்தத் துடிப்பையும் 10 சதவீதம் நீட்டும் பெட்டி 0.2 மில்லி விநாடி கூட்டுகிறது. பெட்ரோலோ 20 சதவீதம் கூடிவிடுகிறது. முழு ஆக்சிலேட்டரில் துடிப்பு 10 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால், அதே 10 சதவீதம் பெட்ரோலை 11 சதவீதம் மட்டுமே கூட்டும். நெடுஞ்சாலையில் ஜோராக ஓடும் வண்டி சிக்னலில் நிற்கும்போது புகைந்து அணைந்துபோவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. நல்ல பெட்டி, இந்தத் திறப்பு நேரத்தைக் கழித்துவிட்டே சதவீதம் போடும்.

மேல் வரம்பும் ஒன்று இருக்கிறது. 9000 ஆர்.பி.எம்.மில் ஒரு முழு வட்டத்துக்கு 13.3 மில்லி விநாடிதான் கிடைக்கும். இன்ஜெக்டர் ஏற்கெனவே 11 மில்லி விநாடி திறந்திருந்தால், அதை 25 சதவீதம் நீட்டும்போது 13.75 ஆகிவிடும். வால்வு மூடவே நேரமிருக்காது. அதற்குப் பிறகு மேப்பில் எந்த எண்ணைப் போட்டாலும் பயனில்லை. பெரிய இன்ஜெக்டர்தான் வேண்டும்.

வகைகள்

முதல் வகை மேலே சொன்ன பிக்கிபேக். இரண்டாவது ரீஃப்ளாஷ். இதில் கூடுதல் பெட்டி எதுவும் இல்லாமல் ஈ.சி.யு.வுக்குள் இருக்கும் கணக்கையே மாற்றி எழுதுகிறார்கள். புதிய கப்ளரோ ஒயரோ சேராததால் இணைப்புக் கோளாறுக்கு வழியில்லை. ஆனால் எழுதும் நடுவில் பேட்டரி இறங்கினால் ஈ.சி.யு. செயலற்றுப்போகலாம், பழைய கணக்கின் நகலை எடுத்து வைத்திருக்கவில்லையென்றால் ஆலை நிலைக்குத் திரும்புவதும் கடினம். மூன்றாவது, ஈ.சி.யு.வையே மாற்றிப் புதியது வைப்பது. அது பந்தய வண்டிகளுக்கான வேலை.

கே.டி.எம். 390 டியூக் போன்ற வண்டிகளில் ஆக்சிலேட்டருக்கும் த்ராட்டில் உடலுக்கும் இடையே கேபிள் கிடையாது. எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை ஈ.சி.யு. முடிவு செய்து மோட்டார் மூலம் திறக்கிறது. ஈ.சி.யு. த்ராட்டிலை அடக்கி வைத்திருக்கும் இடத்தில் பிக்கிபேக் எவ்வளவு பெட்ரோல் கூட்டினாலும் சக்தி வராது. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650இல் கேபிள்தான்; ஆனால் இரண்டு சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர். ஒற்றை இன்ஜெக்டர் பெட்டி அதற்கு உதவாது.

நான்காவதாக மலிவான ஒரு வகை சந்தையில் இருக்கிறது. அதற்குள் பெரும்பாலும் ஒரே ஒரு ரெசிஸ்டர்தான். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ரெசிஸ்டர் தந்திரம்

இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை ஒரு சென்சார் அளக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குப் பெட்ரோலும் அதிகம் வேண்டும். சென்சாரோடு ஒரு ரெசிஸ்டரைத் தொடர்ச்சியாகச் சேர்த்தால் தடை கூடும். காற்று குளிர்ந்திருக்கிறது என்று ஈ.சி.யு. நம்பிப் பெட்ரோலைக் கூட்டும்.

பரவலாகப் புழங்கும் ஒரு சென்சார் வகையை எடுத்துக்கொள்வோம். 20 டிகிரியில் அதன் தடை ஏறக்குறைய 2500 ஓம், 60 டிகிரியில் 600 ஓம். இதில் 1500 ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தால், 20 டிகிரிக் காற்று ஈ.சி.யு.வுக்கு 9 டிகிரியாகத் தெரியும். கணக்குப்படி பெட்ரோல் 4 சதவீதம் கூடும். மே மாத வெயிலில் நெரிசலில் நிற்கும் வண்டியின் ஏர் பாக்ஸ் 60 டிகிரியைத் தொட்டால், அது 25 டிகிரியாகத் தெரியும்; பெட்ரோல் ஏறத்தாழ 12 சதவீதம் கூடும். அதாவது தேவை குறைவான இடத்தில், வண்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்போது, பெட்ரோலை அதிகம் கொட்டுகிறது. டென்மார்க்கின் பூஸ்டர்பிளக் போன்ற கருவிகள் இந்தக் கோணலைத் தவிர்ப்பதற்காக வெளி வெப்பத்தைத் தாமே அளந்து, எல்லா நிலையிலும் ஏறக்குறைய ஒரே அளவு வேறுபாட்டைக் காட்டும்படி வடிவமைக்கப்பட்டவை. நூறு ரூபாய் ரெசிஸ்டர் கருவியில் அப்படிப்பட்ட கணக்கு ஏதும் இல்லை.

மைலேஜைக் கூட்டுவதாக விற்கும் கருவிகளின் நிலை இன்னும் மோசம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பல ஆண்டுகளில் மதிப்பிட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பலன் தந்தவை மிகச் சில.

ஆக்சிஜன் சென்சாரோடு மோதல்

"போட்ட புதிதில் நன்றாக இருந்தது, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் பழையபடி ஆகிவிட்டது" என்பது டியூனிங் பெட்டிகளைப் பற்றி அடிக்கடி கேட்கும் பேச்சு. பெட்டி கெட்டுவிட்டது என்று பலரும் முடிவு கட்டுகிறார்கள். பெட்டி சரியாகவே இருக்கலாம். அதன் திருத்தத்தை ஈ.சி.யு. அழித்திருக்கும்.

சைலன்சர் குழாயில் திருகப்பட்ட ஆக்சிஜன் சென்சார், எரிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதன் மின்னழுத்தம் 0.45 வோல்ட்டுக்கு மேலே போனால் பெட்ரோல் அதிகம், கீழே இறங்கினால் குறைவு. ஒரே சீராக ஓட்டும்போது ஈ.சி.யு. இந்தத் தகவலை வைத்துத் தன் கணக்கை விடாமல் திருத்துகிறது. இதற்கு க்ளோஸ்டு லூப் என்று பெயர். பெட்டி 6 சதவீதம் கூட்டினால், ஈ.சி.யு. அதைக் கவனித்து 6 சதவீதம் குறைத்துவிடும். குறைத்ததை நினைவிலும் வைத்துக்கொள்ளும். சில ஈ.சி.யு.க்கள் அந்த நினைவை, ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காமல் ஓடும் முழு ஆக்சிலேட்டர் நிலைக்கும் கொண்டுபோகின்றன. திருத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் மீட்டரில் செக் லைட் எரியும்.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, க்ளோஸ்டு லூப் பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டு மற்ற இடங்களில் மட்டும் திருத்துவது. மற்றொன்று, ஆக்சிஜன் சென்சாரின் தகவலையே மாற்றியோ மறைத்தோ அனுப்புவது. இரண்டாவதைச் செய்தால் ஈ.சி.யு. குருடாகிவிடும். பெட்ரோலின் தரம், ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் தேய்மானம் எதையும் அது தானாக ஈடுகட்டாது. பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் இருந்தால் மட்டுமே வேலை செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பயனற்றுப்போகும்.

ஒயரிங்: பழுதின் முதல் வாசல்

நல்ல பெட்டியின் மின்சுற்று ரெசினில் புதைக்கப்பட்டு வருகிறது. அதிர்வும் ஈரமும் எளிதில் உள்ளே போகாது. ஐ.பி.67 தரம் என்றால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்க வேண்டும். ஆனால் அந்தத் தரம் பெட்டிக்கு மட்டும்தான். அதிலிருந்து நீளும் ஒயரின் முனையிலுள்ள கப்ளருக்கு அதே காப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு சீட்டைக் கழற்றி இந்தக் கப்ளர்களைத் திறந்து பார்த்தால் உண்மை தெரியும். ரப்பர் வளையம் சரியாக உட்காராத கப்ளரில் செம்பு முனைகள் பச்சைப் பூத்திருக்கும். பிரஷர் வாஷில் அடித்த தண்ணீர் ஒயர் வழியாகவே ஊர்ந்து உள்ளே போயிருக்கும். வண்டி அப்போதும் ஸ்டார்ட் ஆகும். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ஒரு நொடி மிஸ்ஃபயர் ஆகும். ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆலையின் ஒயரை நடுவில் சீவி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு இன்னும் சீக்கிரம் கெடும்.

எர்த் இணைப்பும் அதே அளவு முக்கியம். பெயின்ட் அடித்த ஃப்ரேம் போல்ட்டில் எர்த் கொடுத்தால் பெட்டிக்குச் சீரான மின்சாரம் கிடைக்காது. சோதிப்பது எளிது. இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை மாட்யூலின் எர்த் ஒயரிலும் வைத்தால், 0.1 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. 0.2க்கு மேல் போனால் அந்த இணைப்பைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

இக்னிஷனையும் மாற்றும் பெட்டிகளில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 9000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு டிகிரி நகர ஏறத்தாழ 18.5 மைக்ரோ விநாடிதான் ஆகிறது. தளர்ந்த இணைப்பால் சிக்னல் தடுமாறினால் ஸ்பார்க்கும் இடம் மாறும், நாக்கிங் எனும் தட்டல் வரும், பிஸ்டன் அடி வாங்கும்.

மேப்பும் பெட்ரோலும் உயரமும்

மேப் ஒரு குறிப்பிட்ட வண்டியில், குறிப்பிட்ட சைலன்சரோடு, குறிப்பிட்ட பெட்ரோலை வைத்து எழுதப்படுகிறது. இவற்றில் ஒன்று மாறினாலும் எண்கள் விலகும். இந்தியாவில் 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் அறிமுகமாகி, 2025இல் 20 சதவீத எத்தனால் கலப்பு நாடு முழுவதும் எட்டப்பட்டது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இ10க்கு ஏறத்தாழ 14.1, இ20க்கு 13.5. இ10இல் எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு இ20 ஊற்றினால், க்ளோஸ்டு லூப்புக்கு வெளியே கலவை சுமார் 4 சதவீதம் லீன் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் அந்த அளவுக்குப் போதாமல் போகும். பழைய மேப்பை நம்பி முழு ஆக்சிலேட்டரில் நெடுந்தூரம் ஓட்டுபவர் இதைக் கவனித்தாக வேண்டும்.

உயரத்தைப் பொறுத்தவரை பிக்கிபேக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. லடாக்கின் கார்துங் லா போன்ற 5000 மீட்டரைத் தாண்டிய கணவாயில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதியளவுக்குத்தான் இருக்கும். ஈ.சி.யு. அதை உணர்ந்து துடிப்பைக் குறைக்கிறது. பிக்கிபேக் அந்தக் குறைந்த துடிப்பின் மீதே சதவீதம் போடுவதால், ஆலை செய்த உயரக் கணக்கு பெருமளவு அப்படியே தங்குகிறது.

கலவை தவறினால் விளைவு இரண்டு பக்கமும் உண்டு. லீன் ஆனால் சூடும் நாக்கிங்கும். பெட்ரோல் கூடி ரிச் ஆனால் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைப் பெட்ரோல் கழுவிவிடும், இன்ஜின் ஆயில் நீர்த்துப்போகும், பிளக் கறுக்கும், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். "கொஞ்சம் ரிச்சாக இருந்தால் பாதுகாப்பு" என்ற பழைய ஒர்க்‌ஷாப் வாக்கை அளவில்லாமல் நம்பக் கூடாது.

சட்டம்

இந்தத் துறையில் பெரிதும் பேசப்பட்ட வழக்கு ஹார்லி-டேவிட்சனுடையது. ஸ்க்ரீமின் ஈகிள் என்ற பெயரில் அந்த நிறுவனமே விற்ற சூப்பர் டியூனர்கள், புகைக் கட்டுப்பாட்டைக் குலைக்கும் கருவிகள் என்று அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. 2008இலிருந்து ஏறக்குறைய 3,40,000 கருவிகள் விற்கப்பட்டிருந்தன. 2016 ஆகஸ்ட்டில் எட்டிய உடன்பாட்டின்படி நிறுவனம் 1.2 கோடி டாலர் அபராதம் கட்டவும், அந்தக் கருவிகளின் விற்பனையை நிறுத்தவும், டீலர்களிடம் மிஞ்சியிருந்தவற்றைத் திரும்ப வாங்கி அழிக்கவும் ஒப்புக்கொண்டது. இனி விற்கும் டியூனர்களுக்குக் கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் அனுமதி பெறவும் இசைந்தது. வண்டியைச் செய்தவரே விற்ற கருவி என்பதால் மட்டும் அது சாலைக்கு ஏற்றதாகிவிடவில்லை.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, விதிகள் அனுமதிக்காத உதிரிப்பாகத்தைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. பி.எஸ்.6 விதிப்படி இருசக்கர வண்டி ஒரு கிலோமீட்டருக்கு 1 கிராம் கார்பன் மோனாக்சைடும் 0.06 கிராம் நைட்ரஜன் ஆக்சைடும் மட்டுமே விடலாம். ஆண்டுதோறும் எடுக்கும் புகைச் சான்றிதழ் ஐட்லிங்கில் மட்டும் அளப்பதால், அதில் தேறிவிட்டதை வைத்து வண்டி சாலையில் ஓடும்போதும் இந்த வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒயரிங்கில் கைவைத்த வண்டிக்கு வாரண்டி மறுக்கப்படும் வாய்ப்பும் உண்டு. வாங்குமுன் கையேட்டைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

முதலில், வண்டிக்கு இது தேவையா என்று பார்க்க வேண்டும். ஆலை சைலன்சரும் ஆலை ஏர் ஃபில்டரும் இருக்கும் வண்டியில் கிடைக்கும் மாற்றம் பெரும்பாலும் சிறியது. திணறலுக்குக் காரணம் அழுக்கடைந்த த்ராட்டில் உடலாகவோ, தேய்ந்த பிளக்காகவோ, ஓய்ந்த பேட்டரியாகவோ இருக்கலாம். அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு பெட்டியின் விலையில் சிறு பங்கு.

தேவையென்று உறுதியானால், அந்த மாடலுக்கும் அந்த ஆண்டுக்கும் உரிய கப்ளரோடு வரும் பெட்டியையே வாங்க வேண்டும். ஒயரைச் சீவ வேண்டியிருந்தால் வேண்டாம். பொருத்துவதற்கு முன்பும் பின்பும் சக்தியை அளக்கும் ஒரே டைனோவில் ஓட்டி, வைட்பேண்ட் சென்சாரால் கலவை விகிதத்தை எழுதிவாங்க வேண்டும். முழு ஆக்சிலேட்டரில், கலப்பில்லாத பெட்ரோலின் அளவுகோலில், 12.5 முதல் 13.2 வரை இருப்பது பொதுவாக நல்ல சக்திக்கான எல்லை. சாலையில் ஓட்டி 'பிக்கப் கூடியிருக்கிறது' என்று தோன்றுவதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது; சைலன்சரின் சத்தமே அப்படி நினைக்க வைக்கும்.

பொருத்திய பிறகு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கப்ளர்களைத் திறந்து பார்த்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவ வேண்டும். ஆலையின் கப்ளர்களை மீண்டும் நேராக இணைக்கக் கற்று வைத்திருப்பது நல்லது. நடுவழியில் வண்டி நின்றால், பெட்டியைக் கழற்றி ஆலை நிலைக்குத் திரும்பிப் பார்ப்பதே முதல் சோதனை. கழற்றியதும் வண்டி சரியாக ஓடினால் கோளாறு பெட்டியிலோ அதன் ஒயரிங்கிலோ இருக்கிறது. அப்போதும் ஓடவில்லையென்றால் வேறிடத்தில் தேட வேண்டும். இப்படிச் சில நிமிடங்களில் கழற்றிப் பார்க்க முடியாத பெட்டியை அன்றாடம் ஓட்டும் வண்டியில் பொருத்தாமல் இருப்பதே நல்லது.